அக்காள் டாக்டர், தங்கைக்கு மருந்தில்லை!

நோய் ஆள் பார்த்து வருவதில்லை. மாளிகைக்காரனையும் அது மடக்கும். மண்குடிசைக்காரனையும் அது மடக்கும். ஆனால், நோய் வந்தபிறகு நடப்பது இருக்கிறதே, அது ஆள் பார்த்துத்தான் நடக்கிறது! மாளிகையில் ஒருவர் படுத்தால் இலண்டன் அழைக்கிறது, நியூயார்க் அழைக்கிறது, சுவிட்சர்லாந்தின் மலைக்காற்று அழைக்கிறது. குடிசையில் ஒருவர் படுத்தால் அடகுக்கடை அழைக்கிறது. அதற்குப் பிறகு சுடுகாடு அழைக்கிறது.

பெருங்களத்தூரிலே இருந்துகொண்டு இதை எழுதுகிறோம். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துக்கு அடையாளம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை. கார் செய்த அந்த ஆலையில் 1980-களின் இறுதியில் உற்பத்தி நின்றது. அந்த மண்ணிலே இன்று வானளாவும் கண்ணாடிக் கட்டடங்கள்! கட்டடம் உயர்ந்தது, அதைத் துடைப்பவனின் நிலை உயர்ந்ததா? ஆலைத் தொழிலாளிக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இ.எஸ்.ஐ. அட்டையைத் தந்தது. கொத்தனாருக்கு, சித்தாளுக்கு, வண்ணம் பூசுபவருக்கு, ஆட்டோ ஓட்டுபவருக்கு, ஒப்பந்தக்காரன் ஏட்டிலே பெயரில்லாமல் உழைப்பவருக்கு யார் தந்தார்கள் அந்த அட்டையை?

அப்படிப்பட்ட ஒரு தோழரின் வீட்டிலே, தாய்க்கோ தங்கைக்கோ புற்றுநோய் என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள். உடனே யாராவது ஒருவர், அமெரிக்காவில் இதற்கு வைத்தியம் இருக்கிறதாமே என்கிறார். இருக்கிறது; இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காப்பீடு இல்லாத அயல்நாட்டாரிடம், சிகிச்சைக்கு ஆகும் தொகையைக் கணக்கிட்டு முன்னதாகவே கட்டச் சொல்வது அங்குள்ள மருத்துவமனைகளின் வழக்கம். விசாவுக்கு நிற்கவேண்டும், விமானத்துக்குக் கட்டவேண்டும், உடன் செல்பவர் தங்குவதற்கு இடம் வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் மருத்துவரின் முகத்தைப் பார்க்கலாம். நாள் கூலிக்காரன் இந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் நோய் தன் கணக்கை முடித்துவிடும்!

கடலுக்கு அப்பால் மருத்துவம், கடலுக்கு இப்பால் நோயாளி. இந்தக் கொடுமை இன்று முளைத்ததல்ல. நூறாண்டுக்கு முன்பு, சென்னையிலே, ஒரு டாக்டரின் வீட்டிலேயே நடந்தது. அந்த டாக்டர் ஒரு பெண். பெயர் முத்துலட்சுமி ரெட்டி. அந்த அம்மையாரின் வாழ்வைத்தான் இன்று தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள், புதுக்கோட்டையிலே பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், மன்னர் கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை வழக்கமாக்கி வைத்திருந்தார்களே, அந்தக் குலம். அய்யர் அந்த அம்மையாரை மணந்தார் என்பதற்காக அவருடைய சொந்தக் குடும்பமே அவரை ஒதுக்கி வைத்தது. பாடச் சொல்லிக் கேட்பார்கள், ஆடச் சொல்லிப் பார்ப்பார்கள். கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தால் மட்டும் தீட்டு! இந்த நியாயத்தை எந்தச் சாத்திரம் எழுதிற்றோ, நாம் அறியோம்.

பெண் குழந்தைக்கு ஏடு எதற்கு, எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. முத்துலட்சுமியோ படித்தார். வயது வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தினார்கள். வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிக்குலேஷன் தேறினார். அதற்குமேல் கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் படிக்கும் கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண் அதிலே காலடி வைப்பதா என்று ஊர் கொதித்தது. அதிலும் இன்ன குலத்தில் பிறந்த பெண் வந்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்று பேசியவர்களும் உண்டு. முடிவில், மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்தக் கூச்சலுக்குச் செவிசாய்க்காமல் இடம் அளித்தார். பையன்கள் கெட்டார்களா என்பதற்குச் செய்தி இல்லை. பெண் படித்துத் தேறினார் என்பதற்கு வரலாறு இருக்கிறது.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் பட்டமும் பதக்கங்களும் பெற்று வெளிவந்தார். இங்கே ஒன்று சொல்லவேண்டும். மேடைகளிலே நம் தோழர்கள் சிலர், இந்தியாவின் முதல் பெண் டாக்டரே இவர்தான் என்று முழங்கிவிடுகிறார்கள். அது சரியன்று. அதே மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது உள்ளிட்ட நான்கு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். அம்மையாரின் புகழுக்கு நம்முடைய மிகைப்படுத்தல் தேவையில்லை. உண்மையே போதும், உண்மையே மலைபோல் நிற்கிறது.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். திருமணத்துக்கு முன் அம்மையார் ஒரு நிபந்தனை வைத்தார்: தம்மைச் சரிநிகராக மதிக்கவேண்டும்; தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது. அவரும் ஒப்புக்கொண்டார். 1929-இல் செங்கற்பட்டிலே சுயமரியாதை மாநாடு கூடிப் பெண்ணுரிமைத் தீர்மானங்களை நிறைவேற்றுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு வீட்டுக்குள்ளே அந்தத் தீர்மானம் நிறைவேறிவிட்டது!

இனிமேல்தான் நாம் சொல்ல வந்த கதை.

அம்மையாருக்கு ஒரு தங்கை இருந்தார். அந்தத் தங்கையைப் புற்றுநோய் பற்றியது. 1923-இல் அவர் மறைந்தார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அக்காள் யார்? கைராட்டை சுற்றும் பாட்டியா? பச்சிலை அரைக்கும் பரியாரியா? பதினோராண்டு டாக்டராகப் பணிபுரிந்தவர். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய முதல் பெண் உள்ளுறை மருத்துவர். ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்த கை, சொந்தத் தங்கையின் தலைமாட்டிலே வெறுங்கையாக நின்றது. பணமில்லாத ஏழை தவிப்பதைப் பார்த்திருக்கிறோம். படித்த டாக்டரே தவித்தார் என்றால் அன்றைய சென்னையின் நிலை என்னவென்று விளங்கும். அன்று இந்த மாநகரிலே புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை கிடையாது. பொது மருத்துவமனையிலே பர்னார்டு கதிரியக்க நிலையம் வந்ததே 1934-இல்தான். மேரி கியூரி அம்மையார் ரேடியத்தைக் கண்டறிந்தது 1898-இல். அந்த ஒளி பாரிசிலிருந்து சென்னைக்கு வந்துசேர முப்பத்தாறு ஆண்டுகள்!

இலண்டனுக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று வாரப் பயணம். நல்ல உடம்புக்காரனையே வாந்தியெடுக்க வைக்கும் கடல். நோயாளியை ஏற்றிச் செல்ல முடிந்தவர்கள் அரசர்கள், ஆலை முதலாளிகள், பெரும் வக்கீல்கள். அவர்களுக்குங்கூட அது எப்போதும் பலித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். பம்பாயின் கோடீசுவரர் தோரப்ஜி டாட்டா, தம் மனைவி மெகர்பாயை இரத்தப் புற்றுநோயிலிருந்து மீட்க வேல்சு நாட்டின் மருத்துவ இல்லத்தில் சேர்த்தார். 1931-இல் அந்த அம்மையார் அங்கேயே மறைந்தார். அடுத்த ஆண்டு தோரப்ஜியும் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற அறநிதியிலிருந்துதான் 1941-இல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை எழுந்தது. பணத்தால் மனைவியின் உயிரை வாங்க முடியவில்லை; ஊராருக்கு ஒரு மருத்துவமனையை வாங்க முடிந்தது.

முத்துலட்சுமி அம்மையாரிடம் டாட்டாவின் பணமில்லை. அவர் செய்தது வேறு. நோயாளியை அழைத்துக்கொண்டு கடல் கடக்க அவருக்கு இனித் தங்கை இல்லை. ஆகவே மருத்துவத்தை அழைத்துவரக் கடல் கடந்தார்!

1925-இல், பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற, அரசாங்கத்தின் உதவித்தொகையுடன் இங்கிலாந்து சென்றார். பனகல் அரசர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த காலம் அது. கணவரும் இரண்டு பிள்ளைகளும் உடன் சென்றார்கள். இலண்டனில் செல்சி பெண்கள் மருத்துவமனையில் பயின்றார். அதே செல்சிப் பகுதியில், புல்ஹாம் சாலையிலே, இன்னொரு மருத்துவமனை இருந்தது. பின்னாளில் அதற்கு ராயல் மார்சுடன் என்று பெயர் வந்தது. முழுக்க முழுக்கப் புற்றுநோய்க்கென்றே எழுப்பப்பட்ட மருத்துவமனை. அங்கே போனார். பார்த்தார். திகைத்தார்!

அந்த மார்சுடன் யார் என்பதையும் தோழர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். வில்லியம் மார்சுடன் ஓர் அறுவை மருத்துவர். அவர் காலத்து இலண்டனில், மருத்துவமனைக்கு நன்கொடை தரும் கனவான் ஒருவரின் கடிதம் இருந்தால்தான் ஏழை நோயாளியை உள்ளே விடுவார்கள். சிபாரிசுக் கடிதம் என்பது நம்மூர்க் கண்டுபிடிப்பு என்று எண்ணியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்! ஒரு நாள் தேவாலயப் படிக்கட்டில் சாகக் கிடந்த இளம்பெண்ணை அவர் கண்டார். கடிதம் இல்லை; ஆகவே எந்த மருத்துவமனையும் அவளைச் சேர்க்கவில்லை. அந்தக் கொதிப்பிலே 1828-இல், கடிதம் கேட்காத, காசு கேட்காத மருத்துவமனையொன்றை அவர் தொடங்கினார். அதன்பின் அவருடைய மனைவியையே புற்றுநோய் கொண்டுபோயிற்று. 1851-இல் புற்றுநோய்க்கென்று தனி இலவச மருத்துவமனையை நிறுவினார்.

மனைவியை இழந்த ஒருவன் கட்டிய கட்டடத்துக்குள்ளே, தங்கையை இழந்த ஒருத்தி வந்து நிற்கிறாள். அங்கே படுக்கையிலிருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் அறுத்து எடுக்கலாம், ரேடியத்தால் சுட்டு அழிக்கலாம், தீராத நிலையிலும் வலியையாவது தணிக்கலாம் என்பதை அம்மையார் கண்ணாரக் கண்டார். புற்றுநோய் என்றால் தலைவிதி என்ற பேச்சு அந்தக் கூடத்திலே பொய்யாயிற்று. அங்கேதான் முடிவு செய்தார், இப்படியொன்று சென்னையிலே வேண்டுமென்று.

முடிவு செய்தது 1925-இல். கட்டடம் எழுந்தது எப்போது? 1954-இல்! இருபத்தொன்பது ஆண்டுகள்! கூட்டம் முடிந்து மூன்று மாதமாயிற்றே, கொடிக்கம்பம் இன்னும் நடவில்லையே என்று சலித்துக்கொள்ளும் இளைஞர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அம்மையார் சும்மா இருக்கவில்லை. சும்மா இருக்க விடவும் இல்லை. நாடு திரும்பியதும் 1926-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் தீர்மானத்தை இதே மன்றம் 1921-இல், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் நிறைவேற்றியிருந்தது. வாக்களிக்கலாம், உள்ளே வந்து அமரக்கூடாது என்ற நிலை மாறி, பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி இவரே. துணைத்தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை வேண்டும் என்றார். பிறகு, தாயின் குலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்திருந்த நோயின்மீது கை வைத்தார். அது உடல் நோயன்று, ஊர் நோய்: பொட்டுக்கட்டும் பழக்கம்.

1929-இல் கோயில் மானிய நிலங்களை அந்தப் பணியிலிருந்து விடுவிக்கும் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930-இல் கொண்டுவந்தார். எதிர்ப்பு எழுந்தது. கலை அழியும் என்றார்கள். சம்பிரதாயம் சாயும் என்றார்கள். சாயட்டுமே! பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக நாடெங்கும் முழங்கினார்கள். எனினும் சட்டம் முழுமையாக நிறைவேறியது 1947-இல், ஓமந்தூரார் ஆட்சியிலேதான். அந்தப் போரை விரித்துரைக்க இன்னொரு கட்டுரை வேண்டும். ஆனால் ஒரு நிகழ்ச்சியை விட மனமில்லை. பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த சிறுமிகளுக்கு அம்மையார் விடுதியிலே இடம் தேடினார். பார்ப்பனப் பெண்கள் விடுதி மறுத்தது. பார்ப்பனரல்லாதார் விடுதியும் மறுத்தது! ஆம், நம்மவர்களும் மறுத்தார்கள், அதை மறைப்பானேன்? அம்மையார் அந்தச் சிறுமிகளைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் இன்றும் அடையாற்றில் நிற்கும் அவ்வை இல்லம்.

அம்மையார் நம் பாசறையைச் சேர்ந்தவரல்லர். காந்தியார் கைதானபோது, 1930-இல், சட்டமன்றப் பதவியைத் தூக்கியெறிந்தவர். அதனால் என்ன? நல்ல காரியம் எந்தத் தெருவழியாக வந்தால் என்ன, நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அல்லவா!

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழா கொண்டாடியது. விழாவென்றால் தோரணம், விருந்து, புகழுரை என்று முடிவதுதானே முறை? அம்மையார் அந்த மேடையில் நின்று, புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையை வைத்தார். தலையசைத்தார்கள். தலையசைப்புக்குப் பஞ்சமா இந்த நாட்டில்? பிறகு உலகப்போர் வந்தது. 1945-இல் போர் முடிந்தது. அம்மையாருக்கோ அறுபது வயது நெருங்கிற்று. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாக, மாதர் சங்கத்துப் பெண்கள் கையேந்தினார்கள். அரசாங்கத்தின் வாசலுக்கும் போனார்கள். அங்கே ஓர் அமைச்சர் அளித்த பதில் இன்றளவும் பேசப்படுகிறது. புற்றுநோய் வந்தவர்கள் செத்துத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்ற பொருளில் அவர் கேட்டாராம். செத்துப் போகிறவனுக்கு மருத்துவமனை எதற்கென்றால், தோற்றுப் போகிற அமைச்சருக்கு நாற்காலி எதற்கு என்று நாம் கேட்கலாம். அம்மையார் அப்படிக் கேட்டுப் பொழுதைப் போக்கவில்லை. அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

தம் மகன் கிருஷ்ணமூர்த்தியை அயல்நாட்டுக்கு அனுப்பிப் புற்றுநோய் அறுவை மருத்துவத்தில் பயிற்சி பெறச் செய்தார். தங்கைக்குக் கிடைக்காததை மகன் கற்றுவந்து ஊருக்குத் தரவேண்டும் என்ற ஏற்பாடு! இலண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் மகனை அனுப்பும் வசதி படைத்தோர் பலர் உண்டு. அங்கேயே தங்கிவிடும் மகன்களும் பலர் உண்டு. இந்த மகன் திரும்பி வந்தார். 2010-இல் மறையும்வரை அந்த மருத்துவமனையே அவர் வாழ்க்கையாயிற்று.

1952 அக்டோபர் 10-ஆம் நாள் நேரு பண்டிதர் அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18-ஆம் நாள், அடையாற்றில் கால்வாய்க்கரை ஓரம், மருத்துவமனை பணியைத் தொடங்கியது. பன்னிரண்டு படுக்கைகள்! விரல்விட்டு எண்ணத்தக்க பணியாளர்கள்! அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த இளம் டாக்டர் சாந்தா, 2021 சனவரியில் உயிர் பிரியும்வரை அந்த வளாகத்தைவிட்டு நீங்கவில்லை. நிரந்தர அரசாங்க வேலையை ஒதுக்கிவிட்டு, நாளை சம்பளம் உண்டா என்பதே தெரியாத இடத்துக்கு வந்தவர் அவர். தொழிலாளத் தோழர்களுக்கு இதன் அருமை நன்றாக விளங்கும்.

1950-களின் பிற்பகுதியில் அங்கே கோபால்ட் கதிரியந்திரம் வந்தது. இந்தியாவுக்கே அது முதலாவது. ரேடியம் என்பது பொன்னைவிட விலையுயர்ந்தது. மில்லிகிராம் கணக்கிலே வைத்துக்கொண்டு வைத்தியம் பார்த்தார்கள். கோபால்ட்டை அணு உலையிலே ஆக்கிக்கொள்ளலாம். உடலின் ஆழத்தில் உள்ள கட்டியையும் அதன் கதிர் தாக்கும். கனடா நாட்டில் அந்தக் கருவியால் நோயாளிக்கு முதன்முதல் மருத்துவம் பார்த்தது 1951-இல். ரேடியம் இங்கு வர முப்பத்தாறு ஆண்டுகள் ஆயிற்று என்று மேலே கணக்குச் சொன்னோம். கோபால்ட் வரப் பத்தாண்டுகூட ஆகவில்லை! கடல் சுருங்கிவிட்டதா? இல்லை, கரையிலே ஒருத்தி நின்று இழுத்தாள்.

இந்த இடத்தில் நம் தாம்பரத்தையும் மறந்துவிடக்கூடாது. தாம்பரம் சானடோரியம் என்ற இரயில் நிலையத்தை நாள்தோறும் தாண்டிச் செல்லும் தோழர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியும்? சவுரி முத்து என்ற தமிழ் டாக்டர், இங்கிலாந்திலே மெண்டிப் மலையடிவாரத்தில் காசநோய் மருத்துவ இல்லம் நடத்தியவர். கணித மேதை இராமானுசன் நோயுற்றபோது அங்கே தங்கியிருந்தார். அந்தச் சவுரி முத்து ஊர் திரும்பி, 1928-இல், தாம்பரத்திலே காசநோய்க்கு ஒரு மருத்துவ இல்லத்தைத் தொடங்கினார். அதற்கும் முதலில் பன்னிரண்டு படுக்கைகளே! 1937-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. காசநோய்க்காகக் கமலா நேரு ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1936-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலே மறைந்தார். அதே நோய்க்கு நெசவாளியும் சுமைதூக்கியும் தாம்பரத்தில் படுக்கை பெற்றனர். அலங்காரத்துக்காக இதைச் சொல்லவில்லை. நம் வாசலில் உள்ள செய்தி, ஆகவே சொன்னோம்.

1956-இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வந்தது. 1968 சூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில், மறைந்தார். அப்போது இந்த மாநிலத்தின் முதலமைச்சர் அறிஞர் அண்ணா.

காலத்தின் கொடுமையைப் பாருங்கள்! அம்மையார் கண்மூடி இரண்டு திங்கள் ஆகவில்லை. அண்ணாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று கண்டார்கள். செப்டம்பரில் நியூயார்க் சென்றார். மெமோரியல் மருத்துவமனையில் டாக்டர் மில்லர் அறுவை செய்தார். உலகிலேயே சிறந்த கைகள் என்று போற்றப்பட்ட கைகள். நவம்பரில் அண்ணா திரும்பியபோது நாடு திருவிழாக் கொண்டாடியது. 1969 சனவரி 14-இல் தமிழ்நாடு என்ற பெயர் நாட்டுக்குச் சூட்டப்பட்டது. அதற்குள் நோய் மீண்டும் தலைதூக்கிவிட்டது. மறுபடி கடல் கடக்க உடல் இடம் தரவில்லை. எங்கே சேர்த்தார்கள் அண்ணாவை? அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலே! பிப்ரவரி 3-ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், அங்கேதான் அந்த உயிர் அடங்கியது. வெளியே சாலையெங்கும் விடியவிடிய நின்றவர்களிலே, அந்தக் கட்டடம் ஒரு தங்கையின் சாவிலே முளைத்தது என்பதை அறிந்தவர் எத்தனை பேர் இருந்தார்களோ!

அண்ணாவின் பெயரால் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முத்துலட்சுமி அம்மையாரின் பெயரால் ஏழைத் தாய்மார்க்கு மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடக்கிறது. 2009-இல் கலைஞர் பெயரிலான உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக அது தொடர்கிறது. இ.எஸ்.ஐ. இல்லாத கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அந்த அட்டை உண்டு. ஆனால் அட்டை இருக்கிறது என்பதே தெரியாமல் மனையை விற்றவர்களை இந்த வட்டாரத்திலேயே நாம் பார்த்திருக்கிறோம். கிளைக் கழகத் தோழர்கள் சுவரொட்டி ஒட்டும் நேரத்தில் பாதியை, தெருவிலே யாரிடம் அட்டை இருக்கிறது, யாரிடம் இல்லை என்று கணக்கெடுக்கச் செலவிடலாம். நோய் வந்தபின் எழுதிக் கொடுப்பதைவிட வருமுன் எழுதி வாங்குவது எளிது.

ஆறாத வாய்ப்புண், மார்பிலே கட்டி, மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு, விழுங்குவதில் தடை, வாரக்கணக்கில் கம்மிய குரல் - இவற்றை வீட்டிலே வைத்துக்கொண்டு வேப்பிலை அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். வலிக்கவில்லையே என்று இருக்கவும் வேண்டாம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. கன்னத்திலே புகையிலையை அடக்கிக்கொண்டு வேலைபார்க்கும் தோழர் அதை இன்றே துப்பட்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை அரசு மருத்துவமனைகளிலே காசின்றிச் செய்யப்படுகிறது. தாயை, மனைவியை, தமக்கையை அழைத்துச் செல்லுங்கள்.

அடையாறு போகவேண்டியவர்கள் பெருங்களத்தூரில் மின்சார இரயில் ஏறிக் கிண்டியில் இறங்கவேண்டும். அங்கிருந்து அடையாறு செல்லும் பேருந்து, சர்தார் பட்டேல் சாலை வழியே போகிறது. மருத்துவமனையின் புதிய வளாகம் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. பழைய வளாகம் காந்தி நகர்க் கால்வாய்க்கரையில். காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, இதுவரை எடுத்த சோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு பையிலே போட்டுக்கொண்டு, பொழுது புலர்வதற்குமுன் கிளம்புங்கள். வரிசை நீளமாக இருக்கும்.